செய்தியாளர் சந்திப்பு நடத்துவது எப்படி: கடற்கரை ஊர்ச் சங்கங்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த மீனவர் ஊர்ச் சங்கத்தைக் கேட்டாலும் பிரஸ் மீட் பற்றி ஒரே புகார்தான். "அரை மணி நேரம் பேசினோம், நாலு வரி போட்டிருக்கிறார்கள். அதிலும் படகு எண்ணிக்கை தப்பு." பழியை நிருபர் மேல் போடுவது எளிது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் டீசல் மானியம், கச்சத்தீவு, இறங்குதளம், ரேஷன் கடை என ஒன்பது விஷயம் பேசியிருப்பார்கள். தலைவர் பதினான்கு படகு என்பார், பக்கத்தில் இருப்பவர் பதினேழு என்பார். மதுரைப் பதிப்பின் மாவட்டப் பக்கத்தில் அந்த நிருபருக்குக் கிடைப்பது நாலு வரி. ஒன்பதில் எதை எடுப்பது என்பதை நீங்கள் அவர் கையில் விட்டுவிட்டீர்கள். சந்திப்புக்கு முந்தைய இரண்டு நாள் வேலையைச் சரியாகச் செய்தால் இதில் முக்கால்வாசி வராது.

பிரஸ் மீட் தேவையா?

இரங்கல், நன்றி, கூட்டத் தேதி, தீர்மானம் ஆகியவற்றுக்குத் தேவையில்லை. லெட்டர்பேடில் ஒரு பக்கச் செய்திக் குறிப்பு அனுப்பினால் போதும். நிருபர்களை வரச்சொல்ல மூன்று காரணங்கள்தான் உண்டு: கையில் காட்ட ஆவணம் இருக்கிறது, பாதிக்கப்பட்டவர் நேரில் பேசத் தயாராக இருக்கிறார், அல்லது நீங்கள் சொல்லப்போவது எதிர்க்கேள்வி வரக்கூடிய விஷயம், அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் மாதம் ஒருமுறை கூப்பிட்டால், உண்மையிலேயே தலைபோகிற விஷயம் வரும் நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஒரு கோரிக்கை, ஒரு அலுவலகம், ஒரு கெடு

சொல்லவேண்டியதை இருபது சொல்லுக்குள் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் சங்கத்துக்குள்ளேயே இன்னும் முடிவு எட்டவில்லை என்று பொருள். அப்போது பிரஸ் மீட்டைத் தள்ளிவையுங்கள். "முகத்துவாரத்தில் சேர்ந்த மணலை, தடைக்காலம் முடியும் ஜூன் 14-க்குள் மீன்வளத்துறை தூர்வார வேண்டும்" என்பது நல்ல வாக்கியம். யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. "மத்திய மாநில அரசுகள் மீனவர் வாழ்வாதாரத்தைக் காக்க முன்வர வேண்டும்" என்பதை யாரும் எப்போதும் சொல்லலாம். அதனாலேயே அது செய்தி ஆகாது.

கோரிக்கை சரியான இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். டோக்கன் (கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டு), தடைக்கால நிவாரணம், இறங்குதளம் என்றால் மாநில மீன்வளத்துறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இறங்குவது, பாசி எடுப்பது பற்றி என்றால் ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். இலங்கைச் சிறையில் இருப்பவரை மீட்பது என்றால் வெளியுறவு அமைச்சகம். பாம்பன் ரயில் பாலம் என்றால் தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டம். வனத்துறையிடம் கேட்கவேண்டியதை மீன்வளத்துறையிடம் கேட்டால், மறுநாள் அதிகாரி "இது எங்கள் துறை அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரிதான் கடைசிச் செய்தியாக நிற்கும்.

எண்கள்

எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு ஒரு தாள் ஆதாரம் இருக்கட்டும். இந்தக் கரையில் திரும்பத் திரும்பத் தவறாகச் சொல்லப்படுபவை சில உண்டு.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பிருந்த 45 நாளைப் பழக்கத்தில் இன்னும் சிலர் சொல்லிவிடுகிறார்கள். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். பழைய தொகையை வைத்துப் பேசினால் எதிரில் இருக்கும் நிருபரே திருத்துவார், அதன்பின் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. கச்சத்தீவு பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் 1974, 1976 இரண்டையும் கலக்காதீர்கள். தீவு இலங்கை வசம் போனது 1974 ஒப்பந்தத்தில். ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக்கூடாது என்பது 1976-ல் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வருகிறது.

தூரம் சொல்லும்போது கடல் மைல் என்றால் கடல் மைல் என்றே சொல்லி, பக்கத்தில் கிலோமீட்டரும் எழுதிக்கொடுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். "12 மைல்" என்று வாயால் சொன்னால், ஒரு பத்திரிகையில் 12 கிலோமீட்டர் என்றும் இன்னொன்றில் 19 என்றும் வரும். ஆழத்தைப் பாகத்தில் சொன்னால் ஆறடிக் கணக்கில் அடியாகவும் மாற்றிக் கொடுங்கள். சென்னையில் செய்தியைத் திருத்துபவருக்குப் பாகம் என்றால் தெரியாது.

இலங்கைக் கடற்படையிடம் கைதான மீனவர் பட்டியல்தான் மிகவும் கவனம் வேண்டிய தாள். பெயர், தந்தை பெயர், வயது, ஊர், படகு உரிமையாளர், ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண், விசைப்படகா நாட்டுப்படகா, டோக்கன் வாங்கிய தேதி ஆகிய எல்லாம் வேண்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் கரை இது. தந்தை பெயர் இல்லாத பட்டியலால் வீட்டில் பத்திரமாக இருப்பவர் கைதானதாகச் செய்தி வந்து, குடும்பம் பதறும். ஆங்கிலப் பத்திரிகைகளுக்காக ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துகளையே தனித் தாளில் கொடுங்கள்.

நாளும் நேரமும்

திங்கள் காலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். ராமநாதபுரம் நிருபர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும் நாள்கள். உங்கள் ஆள்களும் டோக்கன், ஐஸ், டீசல் என்று அலைவார்கள். செவ்வாய் அல்லது வியாழன், படகு கரை திரும்பி ஏலம் முடிந்தபின் காலை 11 மணி நன்றாக இருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்றால் வெள்ளி நண்பகலைத் தொடாதீர்கள். தங்கச்சிமடம், பாம்பன் என்றால் ஞாயிறு காலைத் திருப்பலி நேரத்தை விட்டுவிடுங்கள்.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இந்த நாள்களிலும் அவற்றுக்கு முன்பின் ஓரிரு நாளிலும் மாவட்டத்தின் நிருபர்களும் காவல்துறையும் அங்கேதான். அந்தக் காலத்தில் மாவட்டத்தில் தடை உத்தரவு இருப்பதும் வழக்கம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் ராமேசுவரத்துக்குள் வண்டி நுழைவதே கடினம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் எல்லாக் கேமராவும் அங்கே போய்விடும். முதல்நாள் இரவு படகுகள் பிடிபட்டால் உங்கள் தூர்வாரும் கோரிக்கையைக் கேட்க ஆளிருக்காது. தயங்காமல் இரண்டு நாள் ஒத்திவையுங்கள், ஒத்திவைத்ததை ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று உங்கள் துணைமின் நிலைய அறிவிப்பையும் பாருங்கள்.

காலை 11 என்பதற்குக் காரணம் இருக்கிறது. மதியச் செய்திக்குத் தொலைக்காட்சி நிருபர் வீடியோ ஏற்ற வேண்டும், மாலைப் பத்திரிகைக்கு உடனே போக வேண்டும், காலைப் பத்திரிகை நிருபர் மாலைக்குள் எழுதி மதுரைக்கு அனுப்ப வேண்டும். மாலை 5 மணிக்குக் கூட்டினால் முதல் இருவரை இழக்கிறீர்கள், மூன்றாமவர் அவசரத்தில் எழுதுகிறார்.

இடம்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் 55 கிலோமீட்டர், போகவர எப்படியும் இரண்டரை மணி நேரம். ஆவணத்தை வைத்துப் பேசும் விஷயம் என்றால் ராமநாதபுரத்திலேயே ஒரு சிறு அரங்கில் வையுங்கள். மணல்மேட்டையோ உடைந்த படகையோ காட்டவேண்டும் என்றால் ஊரில் வையுங்கள். பத்திரிகைகளுக்குத் தாலுகாவாரியாகத் தனி நிருபர்கள் உண்டு. தொண்டி விஷயத்துக்குத் திருவாடானை நிருபரையும், மூக்கையூருக்குச் சாயல்குடி நிருபரையும் விட்டுவிட்டு மாவட்டத் தலைநகரில் உள்ளவரை மட்டும் அழைப்பது நிறையச் சங்கங்கள் செய்யும் பிழை.

திறந்தவெளி என்றால் முதல் எதிரி காற்று. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இறங்குதளத்தில் நின்று பேசினால் மைக்கில் 'பர்ர்' என்ற சத்தம் மட்டுமே பதிவாகும், பேச்சு கேட்காது. தென்மேற்கில் சுவரோ கட்டடமோ மறைக்கிற இடமாகப் பாருங்கள். வாடைக் காலத்தில் வடக்கு, வடகிழக்கு மறைய வேண்டும். மைக்கின் மேல் பஞ்சு உறை இருக்கட்டும், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். ஐஸ் உடைக்கும் மிஷின், படகு இன்ஜின், பக்கத்துக் கோயில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி நேரம் ஆகியவற்றை முதல்நாள் அதே மணிக்கு அங்கே போய் நின்று கேட்டுப் பாருங்கள்.

நிழலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டாதீர்கள். அதன் அடியில் உட்கார்ந்தவர் முகமெல்லாம் வீடியோவில் நீலமாகத் தெரியும். வெள்ளைத் துணிப் பந்தல் போடுங்கள். பேசுபவருக்குப் பின்னால் பளபளக்கும் கடல் இருந்தால் முகம் கறுத்துப்போகும். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவையுங்கள், கடல் பக்கவாட்டில் தெரிந்தால் போதும். பிளெக்ஸ் வைத்தால் சங்கத்தின் பெயர் தலைக்கு மேலே வரும்படி அச்சிடுங்கள், கீழே அச்சிட்டால் உட்கார்ந்தவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மண்டபத்துக்குள் என்றால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். நாலு ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டால் பாதி குறையும். பேசும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஆறடி மேசை, நாலு நாற்காலி, அவ்வளவே. பின்னால் பதினைந்து பேர் நின்று எட்டிப் பார்த்தால் செய்தி அங்கே போய்விடும். மேசையில் சேனல்கள் லோகோ மைக் வைக்க இடம் விட்டு, பூங்கொத்து, சால்வை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆறு பிளக் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி இரண்டு, கேமராக்கள் நிற்கப் பத்தடி தள்ளி ஒரு வரிசை இடம், தண்ணீர், டீ. இருபது பேர் உள்ள அறைக்கு ஒலிபெருக்கி வேண்டாம், கூவும் சத்தம்தான் வரும். வெளியே வைத்தால் காவல் நிலைய அனுமதி வாங்குங்கள். இறங்குதளத்துக்குள் என்றால் மீன்வளத்துறைக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்காதீர்கள். "எல்லோரும் கொடுக்கிறார்கள்" என்று சொல்லிச் சங்கப் பணத்தை எடுக்க ஒருவர் வருவார். ஏழை மீனவரின் சந்தாவில் வாங்கிய செய்திக்கு மதிப்பில்லை, நேர்மையாக வேலை செய்யும் நிருபருக்கு அது அவமானம்.

அழைப்பு

இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: பொருள், யார் பேசுகிறார், என்ன காட்டப்படும், இடம், கூகுள் மேப் இணைப்பு, நேரம், தொடர்புக்கு ஒரே ஒரு எண். முதல்நாள் மாலை போன் செய்யுங்கள். அன்று காலை 8 மணிக்கு ஒரு நினைவூட்டல். குரூப்பில் போட்டதை மட்டும் நம்பாதீர்கள், அதில் இருநூறு செய்திக்கு அடியில் உங்களுடையது புதைந்திருக்கும். மதுரையில் உள்ள ஆங்கிலப் பத்திரிகை நிருபர்கள், செய்தி முகமைகள், பாம்பனின் கடல் ஓசை எஃப்எம் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோரக் குடும்பங்களுக்கு வானொலி இன்னும் காதருகில் இருக்கிறது.

செய்திக் குறிப்பு

ஏ4 தாளில் ஒரு பக்கம், 250 முதல் 300 சொல். முதல் பத்தியிலேயே கோரிக்கை முழுதாக வரவேண்டும். இரண்டாம் பத்தியில் எண்கள், மூன்றாவதில் தலைவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் இரண்டு வாக்கியம், கடைசியில் தொடர்பு எண். "தாயுள்ளத்தோடு", "போர்க்கால அடிப்படையில்" போன்றவற்றை எடிட்டர் வெட்டிவிடுவார், நீங்களே வெட்டிவிடுங்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புவது முக்கியம். டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து போட்டோ எடுத்து அனுப்பினால் நிருபர் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அங்கேதான் 14 என்பது 41 ஆகிறது. எழுத்தாக வந்தால் அப்படியே எடுத்துப் போடுவார், உங்கள் வார்த்தையே பக்கத்தில் ஏறும். கூடவே இரண்டு போட்டோ, இடமிருந்து வலமாகப் பெயர். வீடியோ என்றால் போனைப் படுக்கைவாட்டில் பிடித்து 30 விநாடி எடுத்தது, பாட்டோ எழுத்தோ சேர்க்காமல்.

கேள்விகளுக்கு ஒத்திகை

முதல்நாள் இரவு மூன்று பேர் நிருபராக உட்கார்ந்து, கேட்கக்கூடாது என்று நீங்கள் நினைக்கும் பத்துக் கேள்வியைக் கேட்கட்டும். கைது பற்றிய சந்திப்பு என்றால் இவை கட்டாயம் வரும்: எல்லையைத் தாண்டினார்களா? இழுவைமடி வலைதானே? இழுவை மீன்பிடிப்பை இலங்கை 2017-லேயே தடை செய்துவிட்டதே? யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மீனவர்களும் தமிழர்கள்தானே, அவர்கள் வலை அறுபடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலான தலைவர்கள் கோபப்படுவார்கள். கோபம் மட்டும் 15 விநாடித் துணுக்காக நாள் முழுக்க ஓடும். அக்கரைக் குடும்பங்களுக்கும் இழப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, இரு கரை மீனவர் பேச்சு பற்றியோ மாற்றுத் தொழில் பற்றியோ உங்கள் சங்கம் எடுத்த முடிவைச் சொல்லுங்கள். முடிவு எடுக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு வாருங்கள். எல்லை தாண்டியது பற்றித் தெரியாவிட்டால் "ஜிபிஎஸ் பதிவு படகோடு பறிமுதல் ஆகிவிட்டது, ஆள்கள் திரும்பியபின்தான் தெரியும்" என்பது போல, உங்கள் விஷயத்தில் எது உண்மையோ அதை மட்டும் சொல்லுங்கள். தாண்டவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, மறுநாள் பதிவு வெளிவந்தால் அடுத்த கைதின்போது உங்களை நம்ப ஆளிருக்காது.

தெரியாததற்கு "தெரியாது, மாலை 4 மணிக்குள் சொல்கிறேன்" என்பதே பதில். நாலு மணிக்குள் சொல்லியும் ஆகவேண்டும். தாக்குதல் நடந்திருந்தால் தாக்கியது கடற்படையா, அடையாளம் தெரியாத கும்பலா என்று பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்துக்கு மேல் ஒரு சொல் கூட்டாதீர்கள். காணாமல் போனவரை இறந்தவர் என்று நாக்குத் தவறியும் சொல்லக்கூடாது. அந்த வீட்டில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இருந்தால் மனுவில் உள்ளதும் உத்தரவில் உள்ளதும் மட்டும். அதிகாரியோ வியாபாரியோ லஞ்சம் வாங்கினார் என்று பெயர் சொல்லிப் பேசினால், பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். ஆதாரம் இருந்தால் முதலில் புகார் கொடுத்து, அதற்கான ரசீதைக் காட்டிப் பேசுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்பம், தெரு எதுவும் வெளியே வரக்கூடாது. போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு ஊடகங்களுக்கே அதைத் தடுக்கிறது.

'ஆஃப் தி ரெக்கார்டு' என்று பிரஸ் மீட்டில் ஒன்று கிடையாது. மேசையில் எட்டு மைக் ஓடும்போது ரகசியம் சொல்ல முடியாது.

குடும்பத்தாரை உட்காரவைக்கும்போது

கைதானவரின் மனைவியையோ தாயையோ அழவைத்துக் காட்சி எடுப்பதற்காக அழைத்து வராதீர்கள். விருப்பம் கேட்டு, என்ன கேட்பார்கள் என்று முன்பே சொல்லி, ஒருவரை மட்டும் இரண்டு நிமிடம் பேசவையுங்கள். பக்கத்தில் அவருக்கு நெருக்கமான ஒரு பெண் இருக்கட்டும். அவர் எழுந்துவிட்டால் "இத்துடன் போதும்" என்று தடுக்க சங்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அவருடைய போன் எண் எந்தத் தாளிலும் வரக்கூடாது. பாசி எடுக்கும் பெண்களின் பிரச்சினை என்றால் அவர்களில் ஒருவரே முதல் ஆளாகப் பேச வேண்டும். ஆண் நிர்வாகிகள் நடுவில் உட்கார்ந்து பேசிவிட்டு ஓரத்தில் அவர்களைக் காட்டுவது நியாயமல்ல.

அன்று

வேலையை நாலு பேர் பிரித்துக்கொள்ளுங்கள்: பேசுபவர், ஆவணம் எடுத்துக் கொடுப்பவர், கேள்வி நேரத்தை நடத்துபவர், வாசலில் பெயர், நிறுவனம், எண் எழுதிச் செய்திக் குறிப்பு கொடுப்பவர். இவர்களில் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை போனில் பதிவு செய்யட்டும். பின்னால் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சொல்ல நேர்ந்தால் அதுதான் சாட்சி.

பத்து நிமிடத்துக்கு மேல் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். நேரத்துக்கு வந்தவரைத் தண்டிப்பதாக ஆகும். மேடையில் போல ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வணக்கம் வைக்கவேண்டாம். முதல் வாக்கியமே கோரிக்கை. ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள், நிதானமாகப் பேசினால் அது ஐந்நூறு சொல்தான். தொலைக்காட்சி எடுப்பது 15 முதல் 20 விநாடி. அதனால் அந்த இருபது சொல் வாக்கியத்தைத் தொடக்கத்திலும், நடுவிலும், கேள்விகள் முடிந்தபின்னும் அதே சொற்களில் சொல்லுங்கள். கேட்பவருக்குச் சலிக்குமோ என்று மாற்றிச் சொன்னால் ஐந்து சேனலில் ஐந்து விதமாக வரும்.

கேள்விக்கு இருபது நிமிடம். ஒருவர் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் அதே பதிலைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். நிருபரைப் பார்த்து "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டால் கூட்டம் அங்கே முடிந்தது. பின்வரிசையில் இருக்கும் இன்னொரு சங்கத்துக்காரர் குறுக்கே பேசினால், நடத்துபவர் "அண்ணே, முடிஞ்சதும் உங்ககிட்ட வர்றேன்" என்று அவரை வெளியே அழைத்துப் போகட்டும். ஊர்ச் சண்டை கேமரா முன் நடந்தால் தூர்வாருவது யாருக்கும் நினைவிருக்காது. கூட்டம் முடிந்ததும் தனித்தனியாக பைட் (கேமரா முன் சிறு பேட்டி) கேட்பார்கள், பேசுபவர் ஒருவரே கொடுக்க வேண்டும்.

பிறகு

அரை மணி நேரத்துக்குள், வராதவர்களுக்கும் சேர்த்துச் செய்திக் குறிப்பு, போட்டோ, வீடியோ எல்லாம் போய்விட வேண்டும். தருவதாகச் சொன்ன ஆவணத்தை அன்று மாலைக்குள் கொடுங்கள். வந்த செய்திகளை வெட்டித் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைக்கலாம்.

பிழையாக வந்தால் குரூப்பில் திட்டாதீர்கள். முதலில் அந்த நிருபருக்குப் போன் செய்து, எந்த வரி, எது சரி, ஆதாரம் எது என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். இணையப் பதிப்பில் அன்றே திருத்த முடியும். எண்ணோ பெயரோ தவறி ஒருவருக்குக் கேடு வரும் என்றால் ஆசிரியருக்கு எழுத்தில் கடிதம் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அச்சுப் பத்திரிகை மீது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலில் புகார் செய்யலாம், ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலை அங்கே கேட்பார்கள். தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. சேனலுக்கே முதலில் எழுத வேண்டும், ஒளிபரப்பான தேதியும் நேரமும் குறித்து.